ஒரு பாடம் முன்னால்

பாடம் நடத்துகிறவர் உட்கார்ந்துகொண்டு பேசக் கூடாது என்பது என் கொள்கை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நின்றேதான் பேசியிருக்கிறேன். என் கணுக்கால் வீக்கத்துக்குக் காரணமும் அதுதான். நீங்கள் நாற்காலி போட்டுவிட்டீர்கள், மரியாதைக்கு உட்கார்கிறேன். நடுவில் எழுந்து நின்றால் ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீலை வெளியே இருக்கச் சொன்னதும் நான்தான். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். ஆனால் என்னைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்கிற பொறுமை எனக்குப் போய்விட்டது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். முதலில் பின்னணியைச் சொல்லியாக வேண்டும். பின்னணி சொல்லாமல் நான் எந்தப் பாடத்தையும் தொடங்கியதில்லை.

எங்கள் மொழிப் பயிற்சி நிலையம் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே ரப்பர் வாடை, மேலே இலக்கணம். முதலாளிக்கு இரண்டும் சொந்தம். "டயரும் பாஷையும் ஒண்ணுதான் டீச்சர். ரெண்டும் ஆள ஊர விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அவர் பிடித்து வைத்திருந்த ஆசிரியர்களையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கிய மொழியைத்தான் சொல்லிக்கொடுப்பார். கெட்ட வார்த்தைகளில் மட்டும் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். இன்னொருவர் நிஜமான வெளிநாட்டுக்காரர். அவருடைய ஊரில் நீச்சல்குளம் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றிப்பார்க்க வந்தவர் கையிருப்பு கரைந்ததும் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தகுதி அவருடைய முகம். மாடிப்படி வாசலில் ஆளுயரப் படம் மாட்டியிருந்தது அவருக்குத்தான். நான் ஒரு வெளிநாட்டு மொழியில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். முறையாக ஆசிரியர் பயிற்சியும் முடித்திருக்கிறேன். என் படம் எங்கேயும் மாட்டப்படவில்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் படித்த மொழிக்கு ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. எல்லோரும் வேறொரு நாட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பெரிய பெரிய கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்க்கிற நாடு அது. தக்காளி பறிக்கவும் பெட்டியில் அடுக்கவும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கொஞ்சம் மொழியும் தெரிய வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்த மொழிக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்றேன்.

"அதுக்கென்ன டீச்சர்? அவங்களுக்கும்தான் தெரியாது. நீங்க ஒரு பாடம் முன்னாடி இருந்தா போதும்."

இதைக் கேட்டு நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். எங்கள் தொழிலில் இது அதிசயமே இல்லை. நாளை நடத்த வேண்டியதை இன்று படிப்போம், நாளைக்குப் பிறவியிலேயே தெரிந்ததுபோல நடத்துவோம். நான் வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகும்போது அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேலி செய்வாள். "சமையல் புக்கப் பாத்துக்கிட்டே கல்யாணப் பந்திக்கு ஆக்குற மாதிரி இருக்குடி" என்பாள். ஆனால் பந்தி நன்றாகவே நடந்தது. என்னிடம் படித்துப் போனவர்கள் இன்றைக்கும் அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு புகார் வந்ததில்லை. தக்காளி யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அப்புறம்தான் மின்னல் வந்து சேர்ந்தாள். வகுப்பு வைத்த பெயர் அது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். ஒரு துணிக்கடைக்கு உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கட்டினவன் விட்டுப் போய்விட்டான். சின்னப் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வருவாள். போய் நிலைகொண்டதும் பையனையும் அம்மாவையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே காதில் இயர்போனை மாட்டி அந்த நாட்டு டிவி தொடர்களைக் கேட்பாளாம். "ஒண்ணும் புரியாது டீச்சர், சும்மா ஓடும். ஒருநாள் பாத்தா புரிஞ்சிட்டிருக்கு" என்றாள். அவள் திமிராகச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உடல்நலப் பாடம் நடந்த அன்று அவளை எழுப்பி, தன் உடம்பைப் பற்றி நான்கு வாக்கியம் பேசச் சொன்னேன். தலைவலி, காய்ச்சல் அளவில்தான் நான் தயார் செய்திருந்தேன். அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். நடுவில் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், பையைத் தட்டினாள். முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள், நம்பி ஒன்றைச் சொன்னவர்கள் பார்க்கிற பார்வை. வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டி, "சரி, உட்கார்" என்றேன். எனக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்துவைத்து, காதில் நின்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேனா மாதிரி ஓர் ஊசியைப் பையின் வெளிப்பக்க உறையில் எப்போதும் வைத்திருக்கிறாள். இது ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுக்குத் தெரிந்தால் நோயாளி என்று கழித்துவிடுவான், அதனால் வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம், அந்த நாட்டுக்காரர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவாளாம். இவ்வளவையும் எல்லோருக்கும் நடுவில், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். ஆசிரியருக்குப் புரிந்திருக்கும் என்று அவள் சந்தேகமே படவில்லை. எனக்கு அழுகை வந்தது. நெகிழ்ச்சி என்று அக்காவிடம் சொன்னேன். அவமானம் என்பதுதான் சரியான சொல்.

அதன் பிறகு அவளைக் கொஞ்சம் நிதானப்படுத்த வேண்டியிருந்தது. தொடர் கேட்டால் உச்சரிப்பு கெட்டுவிடும் என்றேன், கேட்பதை விட்டாள். பின்வரிசைக்கு மாற்றினேன், போனாள். சரியாக எழுதியதைச் சில இடங்களில் அடித்துத் திருத்தினேன். திருத்தியதை அப்படியே படித்துக்கொண்டு வந்து ஒப்பித்தாள். என் பேச்சை அந்த அளவுக்கு மதித்த மாணவி எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. அப்படியும் அவள் எனக்கு இரண்டு பாடம் முன்னாலேயே இருந்தாள். மற்றவர்கள் இடைவேளையில் அவளிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்துவார்கள்.

ஒருநாள் முதலாளி அந்தப் பக்கம் வந்தவர், அவள் ஏதோ விளக்குவதைக் கேட்டுவிட்டு, "பேசாம நீயே வகுப்பு எடுத்துடலாம் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மின்னல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ சார், டீச்சர் எங்க, நான் எங்க!"

அவள் அதை மனதாரச் சொன்னாள். நடிப்பாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

தேர்வு நெருங்கியது. அந்த நாட்டுக்காரர் ஒருவர் திரையில் வந்து ஒவ்வொருவரோடும் பேசுவார். கடைசியாக ஆசிரியரோடும் பேசுவார். அதை வைத்துத்தான் எங்கள் நிலையத்தின் அங்கீகாரம். வரிசைப்படி மின்னலுக்கு அடுத்தது நான். அவள் பேசி முடித்த சூட்டோடு நான் பேச வேண்டும். எழுந்து போய்ப் பாட வேண்டியவருக்கு முன்னால் நல்ல பாடகியைப் பாட விட்டால் எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள். எனக்கு இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் அவளைப் பிடித்துவிடலாம் என்று பட்டது. அவளுக்கு அன்றைக்கு லேசாக உடம்புக்கு முடியாமல் போனால், அவள் முறை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். ஆசிரியர் கண்ணோடு பார்த்தால் நியாயமான அவகாசம்.

அன்று காலை பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். வெறும் வயிற்றோடு தேர்வுக்கு உட்காரக் கூடாது என்று நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வதுண்டு. கடையில் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்துத்தான் எடுத்தேன். சாக்லேட் கிரீம் வைத்தது. கடலை அரைத்துச் சேர்த்திருப்பது பார்த்தால் தெரியாது, வாசனையும் அடங்கிப் போயிருக்கும். பாக்கெட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு போனேன். மின்னல் தட்டைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குப் புரியாதபடி அந்த மொழியிலேயே என்னிடம் கேட்டாள், இதில் அது இருக்கிறதா என்று. நானும் அந்த மொழியிலேயே, இல்லை என்றேன். அந்தச் சொல் முதல் பாடத்திலேயே வந்துவிடும்.

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். திரையில் இருந்தவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். அவள் சொன்னபடியே உண்மையைச் சொன்னாள், கடலை, தொண்டை, ஊசி எல்லாவற்றையும். அதனால் ஒன்றும் பாதகமில்லை என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்தவள் இருமினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உதடு வீங்கியது, மூச்சு சீட்டி அடித்தது. பேச வாய் வரவில்லை. தேர்வு விதிப்படி எல்லோருடைய பைகளும் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தன. அவள் அந்தப் பக்கம் கையை நீட்டினாள். டீச்சரைக் கூப்பிடுகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் இருந்தவர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவர் என்ன சொல்றாரு? சொல்லுங்க டீச்சர்!"

"பதறாதீங்க. தண்ணி குடுக்கச் சொல்றார், காத்து விடச் சொல்றார்" என்றேன்.

ஆளுக்கொரு நோட்டை எடுத்து விசிறினார்கள். வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுவாரம் அவளுடைய அம்மா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "கடைசி வரைக்கும் கைய விடாம இருந்தீங்களாமே தாயி" என்று என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருத்தமே இல்லாதவள் என்று என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். திரையில் இருந்தவர், தான் தெளிவாகச் சொன்னதாகச் சாட்சி கொடுத்தார். என் வக்கீல் தம்பி ஒரே போடாகப் போட்டார். இவருக்கு அந்த மொழியே தெரியாது, பட்டம் வேறொரு மொழியில், முதலாளி ஏமாற்றி வகுப்பு எடுக்க வைத்திருக்கிறார், மாணவி சொன்னதும் புரியவில்லை, திரையில் சொன்னதும் புரியவில்லை, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார், பிஸ்கட் தற்செயல். நீங்களும் நம்பிவிட்டீர்கள். முதலாளி உள்ளே போனார். நான் பாவம் என்று ஆகிவிட்டது.

"மேடம், உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுதான் நம்ம பலமே" என்றார் வக்கீல். சரி என்று இருந்தேன்.

நேற்று அந்த மொழியில் என்னைச் சோதிக்க ஒரு பேராசிரியரை அனுப்பினீர்களே, அவர்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார். வக்கீல் சொல்லி வைத்தபடி நான் எதற்கும் விழித்துக்கொண்டே இருந்தேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அந்த மனிதர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போகும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லம்மா, இந்த வயசுல புது மொழி கஷ்டம்தான்" என்றார். ராத்திரி முழுக்க அந்தத் தட்டல் தோளில் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். திரையில் இருந்தவர் சொன்னது இதுதான்: "அவளுடைய பையை எடுங்கள். வெளிப்பக்க உறையில் பேனா மாதிரி ஓர் ஊசி இருக்கிறது. தொடையில் அழுத்திக் குத்துங்கள். துணிக்கு மேலேயே குத்தலாம். உடனே செய்யுங்கள், பிழைத்துக்கொள்வாள்." அந்த நாட்டில் பிறந்தவர்கள் பேசுகிற வேகத்தில் சொன்னார். ஒலி விட்டு விட்டு வந்தது, வகுப்பு முழுக்க ஒரே அழுகுரல். அந்த நிலைமையிலும் எனக்கு முதல் தடவையிலேயே ஒரு சொல் விடாமல் புரிந்தது.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அந்தப் பேராசிரியருக்கு மட்டும் தயவுசெய்து ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும் என்று.