கடைசிக் காம்பிராவின் ஜன்னல்

சாமி, போன மாதப் பூசையின்போது கோயில் ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன், இனி உங்கள் பாடு.

நல்ல ஜன்னல் என்றால் எனக்குக் கண் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றி நடப்பதே அதற்குத்தான். துரை பங்களாவில் சுவரே வயிறு தள்ளியதுபோல் வெளியே வளைந்து நிற்கும் ஜன்னல். இருபத்துநாலு சதுரக் கண்ணாடி. உள்ளே துரைசாணி தனியாகச் சாப்பிடுவாள். பெரிய கிளாக்கர் வீட்டு ஜன்னலுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் கண்ணாடி. அதன் கீழே நின்றுதான் அவர் பெண்சாதியிடம் ஏச்சு வாங்குவார். எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு வீட்டு ஜன்னல் கதவுகள் எப்போதும் சாத்தியிருக்கும். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அது அவர் உங்களிடம் சொல்ல வேண்டிய பாவசங்கீர்த்தனம்.

எங்கள் லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றுக்கும் ஜன்னல் கிடையாது. ஆளுக்கு ஒரு கதவுதான். என் காம்பிராவுக்கு மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பக்கத்தில் இருந்த கடைசிக் காம்பிராவுக்கு மட்டும் ஒரு சுவர் வெளியே பார்த்திருந்தது. அங்கே சோலைமலை இருந்தான். அவன் பெண்சாதி நாகலெட்சுமிக்கு இழுப்பு. அடுப்புப் புகை பட்டால் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறப்பாள். அவன் யாரையும் கேட்காமல் சுவரை உடைத்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டமடித்து ஒரு ஜன்னல் வைத்தான். ஒரு மாதத்தில் அவள் கொழுந்து எடுக்கவே போய்விட்டாள்.

கொஞ்சம் கோணல், ஆனாலும் நல்ல ஜன்னல்தான். அதில் கையை ஊன்றி அவள் நிற்கும் தோரணை இருக்கிறதே, துரைசாணி கெட்டாள். "தெரேசாக்கா, இங்கிட்டு வந்து நில்லுங்க, காத்து வருது பாருங்க" என்பாள். எனக்குக் காற்றுக் கொடுக்க இவள் யார்?

கண்டாக்கிடம் நான் ஜன்னலைப் புகழ்ந்துதான் சொன்னேன். காலையில் நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தால் சரி, சுவரில் எதையும் வைக்கட்டும் என்று அவர் சிரித்தார். அதனால், அந்த வழியாகத் தேயிலைத்தூள் வெளியே போகிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாளே துரை வந்து நின்று, கல்லும் சிமெந்துமாக அடைக்கச் சொன்னார். சோலைமலை காலில் விழுந்தான்.

"காத்து மட்டுந்தாங்க வந்துச்சு, தொரைகளே."

ஆடி மழை, ஈர விறகு. பதினொரு நாள் அவள் இருமலைச் சுவர் வழியே கேட்டேன். ஒன்பதாம் நாள் பார்க்கப் போனபோது கதவைத் திறந்து வைத்துக் கிடந்தாள். பிள்ளைக்குக் குளிரும் என்று நான்தான் சாத்திவிட்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை.

சாவு வீட்டில் என்னைப்போல் யாரும் அழவில்லை. சோலைமலை என்னிடமே கேட்டான்: "யாரு அக்கா சொல்லியிருப்பாங்க?"

"யாருக்குப்பா அந்த மனசு வரும்" என்றேன்.

தூள் திருடன் என்ற பேரோடு அவனைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். சும்மா கிடந்த காம்பிராவைக் கண்டாக்கு எனக்குத் தந்தார். எனக்கும் நெஞ்சில் சளி என்றதும் அடைத்த இடத்தைத் திறக்கவும் சொல்லிவிட்டார். நான் இருக்கும் இடத்தில் திருட்டு நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஆக, ஒரு பொய், சாமி. அந்த ஒன்றுக்கு என்ன செபமோ சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன். பூசை முடிந்ததும் வந்து புதுக் காம்பிராவை மந்திரித்துவிட்டுப் போங்கள். ஜன்னலோரமாக நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நல்ல காற்று வரும்.