எலி வாடை

“சத்தியமா நான் குடுக்கல அத்தான். என் பிள்ளைக்கு நானே விஷம் வைப்பேனா?”

“நீ குடுக்கலன்னா பின்ன யாரு? ரத்தத்துல இவ்வளவு ஏறிக் கிடக்கே, ஆகாசத்துலேருந்தா வந்துச்சு?”

பகவதியும் ஜகதீசனும் மாடிப்படியில் நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, நான் வாசல் கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கேட்பதில் மட்டும் ஆட்சேபம் இல்லை.

குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்து, எதிர்வீட்டு விஜயகுமாரி என்று தேடிப் பிடித்துக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். குஷாய்குடாவில் இந்த பிளாக்கில் என்னைத் தாண்டி ஒரு கொரியர்கூட மேலே போனதில்லை.

பகவதி அத்தை மகனையே கட்டிக்கொண்டவள். ஒரே பெண், ஹம்ஸினி. மூன்று வயது. பால் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது. சாதத்தைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள். ஏனென்று கேட்டதற்கு, பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஜகதீசன் பாடமே எடுத்தான்.

“எங்க லைன்ல ஆளுக்கு ஒரு வேலைதான் ஆன்ட்டி. ஒருத்தன் வரலன்னா அவன் டேபிள்ல சாமான் குமிஞ்சிரும். உடம்புலயும் அப்படித்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு என்சைம். புரதத்துல இருக்கற ஒரு பொருளை மாத்தி அனுப்பற என்சைம் பாப்பாவுக்குப் பிறவியிலேயே வேலை செய்யல. பருப்பு, பால்னு சாப்பிட்டா அது குமிஞ்சு மூளையைக் கெடுத்துரும்.”

ஆள் லீவாம். என் பிள்ளைகள் இருவரும் பருப்பும் நெய்யுமாகத் தின்று இன்று ஆளுக்கொரு தொப்பையோடு இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் யாரும் லீவு போடவில்லை.

பாலுக்குப் பதிலாக ஒரு மாவைக் கரைத்துக் கொடுப்பாள் பகவதி. மழையில் ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வீச்சம். டம்ளரைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் அவள் பாடம் எடுத்தாள். மதியங்களில் குழந்தை என்னிடம். முதல் நாளே சொன்னாள்: “கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தூக்குங்க ஆன்ட்டி. உங்க வீட்டுப் பண்டம் எதையும் வாயில வச்சிராதீங்க.” என் கை அவளுக்கு அருவருப்பு. சிரித்துக்கொண்டே சரி என்றேன். சோப்பு போட்டுக் கழுவிய கையால்தான் பருப்புச் சாதம் பிசைந்தேன்.

குழந்தை ஒரு வாய் வாங்கிவிட்டு, “இங்கோட்டி” என்றது. அதற்குத் தெலுங்குதான் முதலில் வரும். இன்னொரு வாய் கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல நான் என்ன பகவதியா? மறுநாள் முட்டை. பிறகு பால்கோவா.

கொஞ்ச நாளில் அதன் மேல் ஒரு வாடை வந்தது. எலி குடித்தனம் நடத்துகிற பழந்துணி மூட்டையின் வாடை. வியர்வையில், மூத்திரத்தில், தலையில். மடியில் வைத்தால் புடவையில் ஒட்டிக்கொள்ளும். கருகருவென்றிருந்த முடி செம்பட்டையாயிற்று. தோல் செதில் செதிலாக உரிந்து என் விரலோடு வந்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டு, குமட்டலை விழுங்கிக்கொண்டு ஊட்டினேன். வேறு யார் செய்வார்கள்?

கீழ்வீட்டு சபீனாவிடம், “பெத்தவ குளிப்பாட்டறதே இல்ல போலிருக்கு” என்றேன்.

“ஹவ் ஆன்ட்டி, ஆமா, படி வரைக்கும் வருது. சீச்சீ.”

பிளாக் முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதும்.

பிறகு குழந்தை “இங்கோட்டி” கேட்பதை நிறுத்திவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடியது. தலையைச் சுவரில் முட்டியது. எச்சில் ஒழுக வாயை மட்டும் திறந்தது. திறந்தபோதெல்லாம் ஊட்டினேன்.

ரத்தப் பரிசோதனையில் அந்தக் குமிகிற பொருள் ஏறிக் கிடந்தது. அன்றுதான் அந்த மாடிப்படிச் சண்டை. அவள் அழுதுகொண்டே உள்ளே போனதும் ஜகதீசன் என் வாசலுக்கு வந்தான்.

“நீங்க எதாச்சும் பாத்தீங்களா ஆன்ட்டி?”

புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: “பெத்த மனசு, பாவம். பிள்ள கேட்டா எத்தன நாள்தான் இல்லன்னு சொல்லும்? நான் சொன்னேன்னு சொல்லாதப்பா.” இதில் பொய் என்று ஒரு வார்த்தை உண்டா, நீங்களே பாருங்கள்.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தான். குழந்தை பகல் முழுக்க என்னிடம். அவள் ஊரில் இல்லாத அத்தனை நாளும் தராசில் நிறுத்த சாதமும் அந்த அட்டைப்பெட்டிக் கரைசலும்தான் கொடுத்தேன். ஒரு பருக்கை பருப்பு அதன் நாக்கில் படவில்லை. வாடை போயிற்று. ரத்தத்தில் ஏறியிருந்ததும் இறங்கியது. அம்மா பக்கத்தில் இல்லாததுதான் பிள்ளைக்கு நல்லது என்று ஜகதீசன் தானாகவே முடிவுக்கு வந்தான்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. லைனில் ஆள் இல்லை என்பது நன்றாகவே புரிந்திருந்தது. எதைக் கொடுத்தால் குமியும், எதை நிறுத்தினால் வடியும் என்பது அவளைவிட எனக்குத்தான் தெரியும்.

விவாகரத்தாயிற்று. ஜகதீசன் ராமச்சந்திராபுரத்துப் பெண் ஷர்மிளாவைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே வீடு மாற்றிப் போய்விட்டான். ஹம்ஸினியும் அங்கேதான். பேச்சு திரும்பவில்லையாம். பகவதி அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, பிள்ளையைக் கொடுங்கள் என்று உங்கள் வாசலுக்கு நடக்கிறாள். கொடுப்பது உங்கள் இஷ்டம்.

எத்தனை தடவை துவைத்துச் சாம்பிராணி காட்டினாலும் என் புடவை மடிப்பில் அந்த எலி வாடை இன்னும் இருக்கிறது. பெற்றவள் தினமும் ஒழுங்காகக் குளிப்பாட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.