ஜாக் வைக்கும் இடம்

பழைய கார் பார்க்கப் போகிற வீட்டில் டீ குடிக்கக் கூடாது. பார்த்து முடித்த பிறகு தாராளமாகக் குடிக்கலாம். முன்னால் குடித்தால் தொலைந்தோம். டீயோடு கேக் வரும், கேக்கோடு அந்தக் காரில் போய்வந்த ஊர்களின் கதை வரும். அதற்கப்புறம் எழுந்துபோய், அந்த வீட்டுக்காரர் கண்ணெதிரே அவருடைய காரின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க எங்கள் ஆட்கள் யாருக்கும் மனம் வராது. "அழகா இருக்குங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த யார்க்‌ஷயர் கடற்கரையில் பாதி வீட்டு ஷெட்டுகளில் ஓடாத கார் நிற்பதற்குக் காரணம் உப்புக் காற்று என்பார்கள். உப்புக் காற்றாவது ஒன்றாவது, எல்லாம் மரியாதை செய்த வேலை.

நீங்கள் வைத்த டீயை நான் தொடவில்லை என்று பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். வந்த வேலை முடியட்டும், குடிக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஆர்னல்ட் தாக்ரே. ஓய்வு பெறும்வரை வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் இருந்தேன். விட்பியில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போவேன். நல்ல தகட்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். மக்கின தகடு தொப்பென்று விழுங்கிக்கொள்ளும். மேலே பட்டி பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கவும் சுத்தியலோட போயிருப்பான், அதான் இப்படித் தனியா நிக்கிறான்" என்று கிளெம் என்னைக் கேலி செய்வான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கிளெம் ஹெசல்வுட் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். பஸ் ஓட்டினவன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். அவன் மனைவி மேவிஸ் இறந்த பிறகு அந்த இருமல் இல்லாமல் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. நியூசிலாந்தில் இருந்த அவன் மகள் ரோஸலிண்ட் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகக் கிளம்ப முடிவு செய்தான். மேசை நாற்காலிகளை விற்க நானே உதவினேன். அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தான். பின்பக்கம் மரச்சட்டம் போட்ட மாரிஸ் மைனர் கார். கல்யாணமான புதிதில் அவனும் மேவிஸும் வைத்திருந்த அதே மாதிரி, அதே பச்சை.

"ஆர்னல்ட், நீயே சொல்லிடு. கார் தேறும்னா இங்கயே இருந்து அதைச் சரிபண்ணிட்டுக் கிடக்கிறேன். தேறாதுன்னா பேசாம பொண்ணுகிட்டப் போயிடறேன். உன் வாக்குதான்."

இதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. அவன்தான் என் கையில் கொடுத்தான்.

விற்கிறவர் மேட்டு நிலத்துக் கிராமம் ஒன்றில் இருந்த ஒரு பாதிரியாரின் மனைவி, திருமதி பார்கிட்டர். கணவர் போன பிறகு கார் தோட்டத்திலேயே நின்றிருந்தது. வாசலிலேயே கேக் வாசனை வந்தது. "நீ உள்ள போயி உட்காருப்பா, அந்தம்மா மனசு கோணும். நான் பார்த்துட்டு வர்றேன்" என்று கிளெமை அனுப்பினேன். என் வாழ்க்கையில் காரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒருவனை டீ குடிக்க அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

பின்கண்ணாடிக்குக் கீழே மரத்தில் காளான் பூத்திருந்தது. சின்னதாக, பழுப்பாக, வரிசையாக. அவற்றைப் பறித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஈரப்புல்லில் படுத்து அடியில் தட்டினேன். எல்லா இடமும் தொப் தொப். வலது பக்கம், கதவுக்குக் கீழே காரைத் தூக்க ஜாக் வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடிவரைக்கும் இறங்கியது. அந்த ஓட்டையில் சேற்றை அடைத்து, விரலால் வழித்துவிட்டு உள்ளே போனேன்.

கிளெம் கையில் தட்டோடு நிமிர்ந்தான். உதட்டோரம் கேக் தூள். "தேறுமா?" என்றான்.

"தேறும். வாங்கிக்க."

திருமதி பார்கிட்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளெம் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். அந்த அறையில் இருந்த மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

துருவோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் மக்கலை வெட்டியெடுத்து, நல்ல தகடு வந்த இடத்தில் பற்றவைக்க வேண்டும். நல்ல தகடு தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். கிளெமின் ஷெட்டில் சனிக்கிழமை தோறும் அவன் விளக்குப் பிடிப்பான், நான் வெல்டிங் வைப்பேன். வேலை சீக்கிரம் முடிகிற மாதிரி தெரிந்தால் ஒரு இணைப்பை மூடாமல் விட்டுவிடுவேன். மீதியைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். மேலே கறுப்புத் தார் பூசிவிட்டால் வெளியே தெரியாது. ஜாக் வைக்கிற அந்த இடத்தை நான் பற்றவைக்கவே இல்லை. வெறும் பட்டிதான். பின்னால் ஒரு குளிர்காலத்துக்கு வேலை வேண்டுமே என்று அதை மிச்சம் வைத்திருந்தேன்.

ரோஸலிண்ட் போன் செய்வாள். சுவர் வழியாக அவன் பதில் மட்டும் எனக்குக் கேட்கும். "இல்லம்மா, கதவுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. அடுத்த கோடைக்குப் பார்க்கலாம்." கோடைகள் போயின. பேரன் பிறந்தான், பள்ளிக்கூடம் போனான். பாதி வெட்டிய காரை யார் வாங்குவார்கள்? அத்தனை உழைப்பைப் போட்ட பிறகு குப்பையில் தள்ளவும் அவனுக்கு மனமில்லை. ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, "ஒரு அடிகூட ஓடாம என்னை எங்க கொண்டுவந்து நிறுத்திருச்சு பாரு இந்தக் காரு" என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையாகவே பாவமாக இருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு வெல்டிங்கைத் தொடர்ந்தோம்.

போன மாதம் என்னிடம் கேட்காமலே டிக்கெட் வாங்கிவிட்டான். லீட்ஸிலிருந்து ஒரு இளம் தம்பதி காரை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் ஒருநாள் மத்தியானம் என் சுத்தியலை வாங்கி அவனே தட்டிக்கொண்டு வந்தான். முன்சக்கரத்தின் பின்னால் நின்று, தாரைச் சுரண்டிப் பார்த்தான்.

"இங்க இணைப்பை மூடவே இல்லையேடா ஆர்னல்ட்."

"மறந்திருப்பேன்."

அவன் சிரித்தான். "சுத்தியல்காரனுக்கும் வயசாயிருச்சுடோய். இன்னும் எங்கெங்க மறந்திருக்கியோ, அடியில படுத்துப் பார்த்துடறேன். வலது பக்கம் ஜாக் வைக்கிற இடம் தாங்கும்ல?"

அவனுக்குச் சந்தேகமே வரவில்லை, இன்ஸ்பெக்டர். அதுதான் கிளெம். அடியில் போனால் எல்லா இணைப்பையும் பார்த்துவிடுவான். அப்போது வரும். அந்த முகத்தோடு அவன் விமானம் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"தாங்கும்" என்றேன்.

"ஸ்டாண்டு?"

வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகாதே, முட்டுக்கொடுக்க ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போ என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஸ்டாண்டுகள் வாசலில் நின்ற என் வேனில் இருந்தன. "ரெண்டு நிமிஷ வேலைக்கா?" என்றேன்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஜாக் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஏறியது, கார் இறங்கியது. அவன் நெஞ்சுவரைக்கும் அடியில் இருந்தான். தலை வெளியே. பேச முடிந்தது, மெதுவாக.

"வேன்ல... இன்னொரு ஜாக் இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

காற்று சில்லென்று அடித்ததால் ஷெட்டுக் கதவைச் சாத்த எழுந்தேன். விட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. என் கால்சட்டையைப் பிடித்து, "போயிடாதடா" என்றான்.

எத்தனை வருஷமாக நான் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. அவனே சொன்ன பிறகு நான் எப்படி வேனுக்குப் போவேன்? பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காளானைப் பற்றிச் சொன்னேன், சேற்றைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். ஜாக், ஜாக் என்று இரண்டு மூன்று தடவை சொன்னான், பிறகு அதையும் விட்டுவிட்டான். நாங்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். என் தோளைத் தட்டி வீட்டுக்கு அனுப்பினீர்கள். யாருக்கும் என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.

நேற்று ரோஸலிண்ட் வந்து இறங்கினாள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் அப்பாகூட நீங்கதான் இருந்தீங்க, ஆர்னல்ட் மாமா. அவரை எங்க ஊருக்கே கொண்டுபோயி வீட்டுக்குப் பக்கத்துல அடக்கம் பண்ணப்போறோம். வெள்ளிக்கிழமை விமானம்" என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதனால்தான் வந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கொலை வழக்கென்றால் விசாரணை முடியும்வரை உடலை ஊரைவிட்டு வெளியே அனுப்ப மாட்டீர்கள், இல்லையா? அதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள், இந்த டீயைக் குடிக்கிறேன்.