மிளகாய்த்தூளின் பெயருக்கு என்ன விலை?

பிள்ளைகளே, இன்று காலை கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் கேட்டதை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். ஒரு கம்பெனிக்கு எப்படி விலை வருகிறது என்று அப்பாவுக்கு அங்கேதான் விளங்கியது.

முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தன் மிளகாய்த்தூள் கம்பெனியை விற்கப் போகும் அக்கா. மற்றவர் அதை வாங்க நினைக்கும் கடைக்கார முஸ்லிம் அண்ணன், அதாவது நானா.

“பேரைத் தராசுல வைக்க ஏலுமா, தங்கச்சி?” என்று நானா சிரித்தார். “மிசின் ஒண்டு, வேன் ஒண்டு. வேற என்ன ஈக்குது, இவ்வளவு விலை சொல்ல?”

“பேரு இருக்கே நானா. வருசா வருசம் லாபமும் இருக்கு.”

“போன வருசம் ஒரு மாசம் லாபமே இல்லையாமே?”

“வறுக்கும்போது மிளகாய் கருகிப்போச்சு. அரைச்ச தூளை ஒரு மூட்டை விடாம கொட்டிட்டேன்.”

“நல்ல தூளோட கலந்து வித்தா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே. அதைக் கேள்விப்பட்ட கடைக்காரங்கதான் இப்ப கூடுதலா எடுக்குறாங்க. நீங்களுந்தான்.”

“சரி, பேரு வாணாம். மிசினையும் வேனையும் மட்டும் தாங்க.”

“தாரேன். பேரை நான் வச்சுக்கிட்டு, வேற மிசின் வாங்கி, உங்க கடைக்குப் பக்கத்துலயே அரைக்கிறேன்.”

பஸ் மஹய்யாவ நிறுத்தத்துக்கு வந்தபோது நானா அக்கா பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“பொல்லாத ஆளு நீங்க. பேரோட சேத்தே எடுக்கிறேன்.”

நான் இறங்கிப்போய் என் தையல்கடையைத் திறந்தேன். நேற்று அவசரமாகத் தைத்த சட்டையில் உள்தையல் கோணியிருந்தது. வெளியே தெரியாது. யாரும் வருவதற்கு முன் அதைப் பிரித்து மறுபடி தைத்தேன்.