பால் டின் வளையம்

கேமராவையும் லென்ஸையும் பூட்டிய நிலையில் பார்சல் அனுப்பக் கூடாது, அனுஜா. வழியில் பெட்டி எங்காவது விழுந்தால் அடி முழுவதும் பூட்டுகிற இடத்தில்தான் இறங்கும். அதனால் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றித் துணியில் சுற்றியிருக்கிறேன். பெரிய பொட்டலம் உன் அப்பாவின் கேமரா. சின்னவை இரண்டும் லென்ஸ்கள். காலுறைக்குள் போட்டிருப்பது அடாப்டர். காலுறை புதியதுதான்.

இந்தக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். போன வாரம் நீ பெர்த்திலிருந்து போனில் அழுதுகொண்டே இரண்டு விஷயம் சொன்னாய். "அப்பாவ கடைசி வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க அங்கிள், அத நான் மறக்கவே மாட்டேன்" என்றாய். பிறகு, "ஆனா அவரு ஏன் எங்கிட்ட வரல? எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டாய். முதலாவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டாவதற்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. என் பெயர் ராம்நாத். வயது நாற்பத்தெட்டு. குயின் ஸ்ட்ரீட்டில் உன் அப்பா கதிர்காமநாதன் நடத்திய ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். கல்யாணங்களில் விளக்குப் பிடிப்பேன், இரண்டாவது கேமராவில் படம் எடுப்பேன், மற்ற நாட்களில் கேமரா ரிப்பேர் பார்ப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பம் சுங்கை பட்டாணியில் இருக்கிறது. தீபாவளிக்குப் போவேன், மறுநாளே வந்துவிடுவேன். மற்றபடி காலை ரொட்டி சானாயிலிருந்து மாலைத் தேநீர் வரை எனக்கு உன் அப்பாதான்.

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். அது எழும்பி இறங்க இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் கொஞ்சம் தள்ளியே உட்காரும். இப்போது வருகிற மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியும் இல்லை, அந்த இடமும் இல்லை. பழைய லென்ஸை அதில் மாட்ட வேண்டுமானால் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு உலோக வளையம் வேண்டும். அதுதான் அடாப்டர். பழைய கேமரா செத்துப்போனபோது உன் அப்பாவைப் புதியது வாங்க வைத்தவன் நான். லென்ஸை மட்டும் மாற்ற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டும் கையால் திருகி ஃபோகஸ் செய்கிறவை. உன் அம்மா கனகேஸ்வரி அக்கா வாங்கிக் கொடுத்தவை.

அடாப்டரை முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது அதைத் தூக்கி, அதன் வழியாக என்னைப் பார்த்தார். "என்னடா இது, நடுவுல வெறும் ஓட்டை! இந்த ஓட்டைய விக்கிறதுக்கு ஒருத்தன், வாங்கிட்டு வர்றதுக்கு நீ."

வெறும் ஓட்டைதான். ஆனால் அதன் தடிமன் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு மெல்லிய தகடு அளவு கூடிவிட்டால், பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். தூரத்தில் இருப்பது எவ்வளவு திருகினாலும் தெளியாது. இது ரிப்பேர்காரனுக்குத் தெரிந்த விஷயம். உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை, நான் இருந்ததால்.

உன் அம்மா தவறி ஒரு வருடம் கழித்து, உனக்கு மகள் பிறந்த அந்த அக்டோபரில், ஒரு காலை தேநீர்க் கடையில் அவர் சொன்னார்: "அனுஜா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. டிசம்பரோட ஸ்டூடியோவ மூடிட்டுப் போயிரலாம்னு பாக்கறேன், ராம். இனி இங்க எனக்கு யாரு லா இருக்கா?"

நான் எதிரில் உட்கார்ந்து அவருடைய தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். "போங்கண்ணே, பேத்திய தூக்கி வச்சுக் கொஞ்சுங்க" என்றேன். அதை மனப்பூர்வமாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் ஒரு பால் டின்னைக் கழுவி, அதிலிருந்து மெல்லிய வளையம் ஒன்று வெட்டினேன். ஓரங்களைத் தேய்த்துச் சமன் செய்தேன். அடாப்டரின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல் தகட்டுக்கு அடியில் அதை வைத்து மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, செய்து முடித்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தேன்.

உன் தாத்தாவுக்கு அறுபது வயதில் கண் போனதும், மூத்த மகன் வீட்டில் பதினோரு வருடம் ஆள் கையைப் பிடித்தபடி வாழ்ந்ததும் உனக்குத் தெரியும். "அந்த மாதிரி யார் வீட்லயும் போயி பாரமா உக்கார மாட்டேன்" என்று உன் அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார். நானும் கேட்டிருக்கிறேன். பயணம் ஓரிரண்டு மாதம் தள்ளிப்போனால் போதும் என்பதுதான் அப்போது என் எண்ணம்.

அடுத்த கல்யாணம் கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். அவர் மண்டபத்தின் நடுவில் நின்று லென்ஸைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்தார். "மாப்பிள்ளை முகம் தெளிய மாட்டேங்குது. நீ பாரு."

வாங்கிப் பார்த்தேன். மேடை முழுவதும் ஆவி படிந்த மாதிரி இருந்தது. "நல்லாத்தானே தெரியுதுண்ணே" என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. கல்யாண வீட்டாருக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆல்பத்துக்கு நான் எடுத்த படங்கள் இருந்தன.

திரும்பும்போது ஃபெரியில் அவர், "கண்ணு ரபுன் ஆயிருச்சு போல லா, எல்லாம் மங்கலாத் தெரியுது" என்று சிரிக்கப் பார்த்தார். நான், "உங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாண்ணே?" என்றேன். ஒரு கேள்விதான் கேட்டேன். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவருக்குச் சரியான சந்தேகம் வந்தது. "அந்த ஓட்டையில ஏதாச்சும் கோளாறா, பாரேன்" என்று அடாப்டரை நீட்டினார். என் மேசைக்குக் கொண்டுபோய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊதித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். "ஒண்ணும் இல்லண்ணே." நான் பார்த்துச் சொன்ன பொருளை அவர் இன்னொருவரிடம் காட்டியதே இல்லை. அன்றும் காட்டவில்லை.

கண் டாக்டரிடமும் போனார். என்னிடம்கூடச் சொல்லாமல் தனியாகப் போய், ஒரு பெட்டி லட்டோடு திரும்பி வந்தார். "ஒரு குறையும் இல்லையாம்டா! அடுத்த வருஷம் வந்தா போதுமாம்." முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே ஜன்னலுக்குப் போய்க் கேமராவை எடுத்து எதிர்ப்பக்கச் சேலைக் கடையின் போர்டைப் பார்த்தார். திருகினார். மறுபடி திருகினார். மெதுவாகக் கீழே இறக்கினார்.

"டாக்டர் பொய் சொல்றாரு, ராம். எங்கப்பாவுக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க."

"சும்மா பாத்தா போர்டு தெரியுதாண்ணே?"

"தெரியுது. ஆனா கண்ணு ஏமாத்தும் லா. கேமரா ஏமாத்தாது."

நான் ஒரு லட்டை எடுத்துக் கடித்தேன். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை. அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். என்னை அடித்திருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், பிறகு விமானம் ஏறியிருப்பார். இந்தக் கடைசி விஷயத்தை நினைத்ததும் இன்னொரு கடி கடித்தேன்.

நோய் என்றால் நாளாக ஆகக் கூட வேண்டும். நவம்பர் கடைசியில் இரண்டாவது வளையம் ஒன்றை வெட்டி, முதலாவதோடு சேர்த்து உள்ளே வைத்து மூடினேன். இப்போது ஆறேழு அடி வைத்து நடக்கிற தூரத்தில் நிற்பவர் முகமே அவருக்குத் தெளியவில்லை. டிசம்பர் பிறப்பதற்குள், எடுத்து வைத்திருந்த பெர்த் டிக்கெட்டை ரத்து செய்தார். உன்னிடம் ஸ்டூடியோவில் வேலை அதிகம் என்றார். கண் விஷயத்தை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை மட்டும் நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

அதற்குப் பிறகு அவர் படம் எடுப்பதையே விட்டுவிட்டார். கேமரா அலமாரிக்குள் போனது. வளையம் தேவைப்படவே இல்லை, பயமே வேலையைப் பார்த்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளை விற்றார். தினமும் காலையில் நான் போய்க் கூட்டிவருவேன். படியிறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து, உன் மகள் முதல் முதலாக நடந்த வீடியோவைப் போனில் போட்டுப் போட்டுப் பார்ப்பார். "பக்கத்துல இருக்கறது இன்னும் தெரியுது. இதுவும் போறதுக்குள்ள பாத்துக்கறேன்" என்பார். நான் வேலை செய்துகொண்டே அந்தக் குழந்தையின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் உண்மை இதுதான்: அந்த இரண்டு வருடம் எனக்கு நல்ல காலம்.

பிறகு அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நான்காவது நாள் சாயங்காலம் கொஞ்சம் தெம்பாக இருந்தார். வார்டின் அந்தக் கோடியில் சுவரில் ஒரு கடிகாரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ராம், மணி நாலு பத்துன்னு தெரியுதுடா. சரியா?" என்று கேட்டார். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையின் முகம் அவருக்கு.

நான் திரும்பிப் பார்த்தேன். நாலு பத்து.

ஆமாம் என்றால் அவர் யோசிக்கத் தொடங்குவார். கண்ணில் இருந்து கேமராவுக்கு, கேமராவில் இருந்து அடாப்டருக்கு, அடாப்டரில் இருந்து என்னிடம் வந்து நிற்பார். ஒரு நொடியில் அத்தனையும் எனக்குள் ஓடிவிட்டது.

"இல்லண்ணே, அஞ்சே கால்" என்றேன்.

அவர் "ம்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாளுக்கு மறுநாள் போய்விட்டார். நீ வந்து சேர்ந்தபோது முகம் அமைதியாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

வளையங்கள் இரண்டும் அடாப்டருக்குள் அப்படியே இருக்கின்றன. எடுத்துவிட்டு அனுப்பலாம் என்று இரண்டு தடவை ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், மறுபடி முடுக்கிவிட்டேன். தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துத் திறந்து பார். அப்பாவுக்கு உன்மேல் கோபம் இருந்ததில்லை. அவர் கண்ணிலும் கோளாறு இருந்ததில்லை. செய்தவன் நான். நீ யாரிடம் சொன்னாலும், எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும், அனுஜா. அந்த இரண்டு வருடமும் அவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள்கூட அவரைத் தனியாக ரோட்டைக் கடக்க விட்டதில்லை.