ஆதாம்னா யாருக்கா?

— யாருக்கா இந்த ஆதாம்?

— எந்த ஆதாம், வைஷ்ணவி?

— எங்க வீட்டுக்காரர் போன்ல இருக்கிற ஆதாம். அவரு உடம்பு வந்த பொட்டியோட போனையும் அனுப்பி வச்சாங்க இல்ல, நேத்துதான் சார்ஜ் போட மனசு வந்துச்சு. அந்த ஊரு மேஸ்திரி குரூப்ல பேசிப் போட்டிருக்காரு. ராஜேஷ்னு இவரு பேரச் சொல்றது மட்டும்தான் எனக்குப் புரியுது. அப்புறம் ஆதாம், ஆதாம்னு. குழியில மண்ணு சரிஞ்சப்ப இவரு கூட இருந்தவரோ என்னமோ. அந்த ஆதாமாவது பொழச்சாராக்கா?

— மெதுவா பேசு. இஸ்ரேல் போறவங்களுக்கு மாடியில ஹீப்ரு கிளாஸ் நடக்குது. போட்டுக் காட்டு.

— கேட்டீங்களா?

— ம்.

— ஹைஃபாவுல அத்தனை வருஷம் வயசானவங்களப் பாத்துக்கிட்டவங்க நீங்க. அவரு அனுப்பின பணத்தவிட இது முக்கியம் எனக்கு. மகாக்கா, சொல்லுங்க.

— நோடும்மா, இங்க பாரு, ஆதாம் இதுல பேரு இல்ல. மனுஷன்னு அர்த்தம். பென் ஆதாம்னா ஆதாமோட புள்ள. எல்லா மனுஷனையும் அப்படித்தான் சொல்வாங்க. நான் பாத்துக்கிட்ட அம்மா ஒண்ணு சொல்லும். அதாமான்னா மண்ணு, அதோம்னா சிவப்பு, தாம்னா ரத்தம், எல்லாம் ஒரே குடும்பத்து வார்த்தைங்க, மண்ணப் பிசைஞ்சுதான் சாமி மனுஷனப் பண்ணுச்சுன்னு.

— மண்ணுக்கும் மனுஷனுக்கும் ஒரே பேரா.

— ஆமா.

— என் தம்பி ஹரிஷ் சொன்னான்க்கா. ஆஸ்பத்திரியில தொடச்சு விட்டப்புறமும் மாமா காதுக்குள்ள சிவப்பா மண்ணு இருந்துச்சாம். ஆனேக்கல்ல கடக்கால் வேலை பாத்துட்டு வருவாரே, அதே மாதிரி. நான்தான் சேலை முந்தானைய நனைச்சு எடுத்து விடுவேன். சரி, விடுங்க. மேஸ்திரி என்ன சொல்றாரு?

— ராஜேஷ் ஒரு மனுஷன், அப்படி ஒரு மனுஷன் இனி கிடைக்க மாட்டான்னு சொல்றாரு.

— நெஜமாவா?

— பின்ன. அந்த ஊருல ஒருத்தர பென் ஆதாம்னு சொல்றது பெரிய மரியாதை.

— எங்க மாமியார்கிட்ட சொல்லணும்க்கா. இன்னும் சோத்துல கை வைக்கல அது. உன் புள்ளைய ஊரு பேரு தெரியாதவன் மனுஷன்னு சொன்னான்னு சொன்னா ஒரு வாய் சாப்பிடும்.

— தாராளமா சொல்லு. கிளம்பு, வெயில் ஏறுது.

— அஹேர்னு ஒண்ணு வருதே, அது?

— எங்க?

— கடைசியில. பென் ஆதாம் அஹேர்னு. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்க்கா. ஹரிஷ் உங்க கிளாஸுக்கு வந்துட்டிருந்தப்ப சாப்பிடும்போதுகூட சொல்லிப் பாப்பான். சுத்தியல் உடைஞ்சா பட்டீஷ் அஹேர்னு கேக்கணும், வேற சுத்தியல் குடுப்பாங்கன்னு.

— வைஷ்ணவி.

— சுத்தியலுக்குக் கேக்குறத மனுஷனுக்கு எதுக்குக்கா கேக்குறாரு?

— வேலை நிக்கக் கூடாதில்ல.

— முழுசா சொல்லுங்க.

— ராஜேஷ் இனி உதவ மாட்டான், வேற ஆளு அனுப்புங்கன்னு சொல்றாரு. ஆய்த்தா, போதுமா? இதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற?

— மனுஷன்னு சொன்னீங்க.

— மனுஷனும் அந்த வார்த்தைதான், ஆளும் அந்த வார்த்தைதான். நாமதான் ரெண்டா வச்சிருக்கோம். என்ன மாதிரி ஆள் அனுப்புறவங்களுக்கே அங்க கோவாஹ் ஆதாம்னுதான் பேரு. ஆள் பலம்.

— இது வியாழக்கிழமை மத்தியானம் போட்டது. அவருக்கு உயிர் போனது ஞாயித்துக்கிழமை.

— டாக்டருங்க அப்பவே கைவிட்டுட்டாங்க.

— மூச்சு இருந்துச்சுக்கா. விசா வந்து காத்திருந்த ஹரிஷ் வெள்ளிக்கிழமை இங்க பிளேன் ஏறிட்டான், போய் இறங்கினப்புறம்தான் மாமாவுக்கு அடிபட்டதே தெரியும் அவனுக்கு. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடி, மாமான்னு கூப்பிட்டானாம். விரல அசைச்சாராம். அவன் போன் பண்ணி அழுத பிறகுதான் எனக்கே தெரியும்.

— சொன்னா நீ தாங்குவியான்னு பாத்தேன்.

— மேஸ்திரி உங்களுக்கும் சொல்லியிருப்பாரு இல்ல, ஆளு வேணும்னு?

— சொன்னாரு.

— அனுப்பினீங்களா?

— அது என் தொழில்.

— யார அனுப்பினீங்க?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்குற.

— உங்க வாயால சொல்லுங்கக்கா.

— அவரு இருக்கிற இடத்துலயே என் தம்பிக்கும் ஒரு இடம் குடுங்கன்னு, அந்த வியாழக்கிழமை சாயந்திரம் இங்க வந்து என் கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினது யாரு வைஷ்ணவி? அந்த இடத்தத்தான் குடுத்தேன்.