உப்பு வரிசையில் கிடைத்த சம்மதம்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒருநாள் அலோர் ஸ்டாரில் உப்புக்கு வரிசையில் நின்றேன். என் முறை வருமுன் தீர்ந்துவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்ற இளைஞன் தன் அத்தை மகளிடம் சொன்னான்:

“நீ குளோரின்லா. சுத்த விஷம்.”

“இதுக்குத்தான் அத்தான், நாம ரெண்டு பேரும் கோவக்காரங்க, கட்டிவெச்சா வீடு தாங்காதுன்னு அப்பா சொல்றாரு.”

“நான் சோடியம். அந்தக் குடும்பமே தண்ணியப் பாத்தா பத்திக்கும். ஆனா ரெண்டும் சேந்தாதான் உப்பு. இஸ்கூல்ல படிச்சேன்.”

“அப்ப அப்பா பாத்திருக்கிற மாப்பிள்ளை?”

“நியான் குடும்பம். யாரோடயும் ஒட்டாது.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னைக்கு வாங்குற உப்புல ஒரு பிடி எடுத்து வைங்க அத்தான். புதுக்குடித்தனத்துக்கு மொதல்ல உப்புதானே கொண்டுபோகணும்?”